துறைக்கொரு ஸ்டைல்ஷீட் வேண்டாம்: கரையோர மீனவர் சங்கக் கணக்கர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள கணக்கர்களுக்கும் கணினி ஆபரேட்டர்களுக்கும், வணக்கம்.

தொண்டி, மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என்று எல்லாத் துறைகளின் மீன் வரவையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் (குறிச்சொற்களிட்டுத் தகவலை அடுக்கும் கோப்பு) வைத்துக்கொண்டு, பட்டியல் அச்சிட மட்டும் துறைக்கொரு ஸ்டைல்ஷீட் (அந்தத் தகவலைப் பட்டியலாக மாற்றும் விதிகள் அடங்கிய கோப்பு) நகலெடுத்து வைத்திருப்பவர்களுக்கே இந்த மடல். கணவாய்க்குத் தனிப் பத்தி சேர்க்க வேண்டுமென்றால் அத்தனை நகலையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டால் அந்தத் துறைக்காரர் கையில் பழைய பட்டியல்தான் போய்ச் சேரும். தயவுசெய்து இந்த வழக்கத்தை விடுங்கள். ஒரே ஸ்டைல்ஷீட் போதும். எந்தத் துறை என்பதை ஓட்டும்போது பாராமீட்டராக, அதாவது வெளியிலிருந்து தரும் மதிப்பாக, கொடுங்கள். ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியின், 1999இல் வந்த 1.0 பதிப்பிலேயே இதற்கு இடமிருக்கிறது.

ஸ்டைல்ஷீட்டின் வேருக்கு நேர் கீழே எக்ஸ்எஸ்எல்:பாரம் போட்டு 'துறை' என்று பெயரிடுங்கள். எந்த வரவுகளை எடுக்க வேண்டும் என்று சொல்லும் அப்ளை-டெம்ப்ளேட்ஸின் செலக்ட்டில் வரவு[@துறை=$துறை] என்று எழுதுங்கள். டெம்ப்ளேட்டின் மேட்ச்சில் எழுதக் கூடாது, 1.0 அங்கே $ பெயரை ஏற்காது. ஸ்டைல்ஷீட்டை இயக்கும் நிரலான எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில், 03 என்ற குறியீடுள்ள துறைக்கு ஓட்டுவதற்கு: எக்ஸ்எஸ்எல்டிபிராக் --ஸ்ட்ரிங்பாரம் துறை 03, அடுத்து ஸ்டைல்ஷீட், கடைசியில் எக்ஸ்எம்எல். (பாராமீட்டர் பெயரை உங்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் வையுங்கள். விண்டோஸ் கட்டளைத் திரையில் தமிழ் சிதைவதுண்டு.)

பிழைச் செய்தி வராமலே கெடும் இடங்கள்தான் ஆபத்து. இயல்பு மதிப்பை (பாராமீட்டர் தராதபோது கொள்ளும் மதிப்பு) பாரமின் செலக்ட்டில் பாம்பன் என்று வெறுமனே எழுதினால், அந்தப் பெயரில் ஓர் உறுப்பைத் தேடி, கிடைக்காமல், வெற்றுப் பட்டியலைத் தரும். இரட்டை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோளும் வேண்டும். பாராமீட்டர் பெயரைத் தப்பாக அடித்தால் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு இயல்பு மதிப்பில் ஓடும்; தொண்டி கேட்டவருக்குப் பாம்பன் கணக்கு அச்சாகும். ஆகவே இயல்பு மதிப்பைக் காலியாக விட்டு, காலி என்றால் எக்ஸ்எஸ்எல்:மெசேஜில் டெர்மினேட் போட்டு நிறுத்திவிடுங்கள். வரிசை எண் கொடுத்து வரவு[$எண்] என்று எழுதினால் எல்லா வரவும் வந்துவிடும். வந்தது எண்ணல்ல, சரம் (எழுத்துத் தொடர்). காலியில்லாத சரம் எதுவும் 'உண்மை'. நம்பர்($எண்) என்று மாற்றுங்கள்.

இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்துக் கேட்டால் 03,07 என்று காற்புள்ளியிட்டு அனுப்பி, ஒவ்வொரு வரவின் குறியீடும் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று கான்டெய்ன்ஸால் தேடலாம். பட்டியலின் இருபுறமும், தேடும் குறியீட்டின் இருபுறமும் காற்புள்ளி ஒட்டியாக வேண்டும். ஒட்டாவிட்டால் 11 கேட்டவருக்கு 1உம் சேர்ந்து வரும்.

துறைப் பெயரையே ஏன் அனுப்பக் கூடாது என்று கேட்பீர்கள். 'தொண்டி'யைப் பாருங்கள். ஒகர உயிர்க்குறி ஒரே குறியாகவும் பதிவாகலாம்; எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் பதிவாகலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஒப்பீடு மட்டும் தோற்கும். எக்ஸ்எஸ்எல்டி 2.0இல் இதைச் சீராக்க நார்மலைஸ்-யூனிகோட் உண்டு, எக்ஸ்எஸ்எல்டிபிராக்கோ 1.0 மட்டுமே அறியும். பெயர் பட்டியலில் அச்சாகட்டும், தேடுவது குறியீட்டாலேயே நடக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வரவு இல்லாத அந்த 61 நாளில் மாற்றிவிடலாம். பழைய ஒருநாள் கோப்பை எடுத்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓட்டி, கிடைத்த வரிகளைக் கூட்டுங்கள். கோப்பிலுள்ள மொத்த வரவு எண்ணிக்கையைவிடக் குறைந்தால், ஏதோ ஒரு வரவில் துறைக் குறியீடு விடுபட்டிருக்கிறது அல்லது தவறியிருக்கிறது. அதைத் திருத்திய பிறகே பழைய நகல்களை அழியுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கரையில் எக்ஸ்எஸ்எல்டி எழுதுவோர்