ஆளுநரின் பேசப்படாத கடமை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளுநர் பதவியைப் பற்றிய விவாதம் நம் மாநிலத்தில் பெரும்பாலும் அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது பிரிவோடு, அதாவது மசோதாக்களுக்கு ஒப்புதல் தருவதா நிறுத்திவைப்பதா என்பதோடு, முடிந்துவிடுகிறது. அந்த விவாதம் தேவையானதே. மக்கள் தேர்ந்தெடுத்த பேரவையின் முடிவு காலவரையின்றிக் கிடப்பில் இருக்கக் கூடாது. ஆனால், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் வாழ்வோருக்கு அதைவிட நெருக்கமான ஒரு கடமையையும் அதே சட்டம் ஆளுநரிடம் ஒப்படைத்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் வருத்தம்.

அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின்படி, பட்டியல் பகுதிகள் (பழங்குடியினர் செறிந்து வாழும், தனிப் பாதுகாப்புக்காக அறிவிக்கப்பட்ட பகுதிகள்) உள்ள மாநிலத்தின் ஆளுநர், அவற்றின் நிர்வாகம் குறித்து ஆண்டுதோறும் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பழங்குடியினரின் நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், அவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்தவும், பழங்குடியினர் ஆலோசனைக் குழுவைக் கலந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அவர் ஒழுங்குமுறைகளை இயற்றலாம். ஆந்திரத்தில் 1959இல் இவ்வாறு இயற்றப்பட்டு 1970இல் திருத்தப்பட்ட நிலமாற்ற ஒழுங்குமுறையை அடிப்படையாகக் கொண்டுதான், பட்டியல் பகுதி நிலங்களைத் தனியாருக்குச் சுரங்கக் குத்தகைக்கு விட முடியாது என்று 1997ஆம் ஆண்டு சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்சைட்டுக்காக வெட்டப்பட்ட மலையில் வாழும் நமக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

நாட்டில் பத்து மாநிலங்களில் பட்டியல் பகுதிகள் உள்ளன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே, எவ்வளவு அக்கறையுள்ள ஆளுநர் வந்தாலும் இந்த அதிகாரங்கள் இங்கே அவர் கைக்கு எட்டுவதில்லை. பட்டியல் பகுதிகளின் கிராம சபைக்கு வலிமை தரும் 1996ஆம் ஆண்டின் பெசா (PESA) சட்டமும் எங்கள் மலைக்கு வந்து சேர்வதில்லை. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. வட்டத்தின் மக்களில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பழங்குடியினர் செறிவு, ஒருங்கிணைந்த நிலப்பரப்பு, தனி நிர்வாக அலகு, பொருளாதாரப் பின்தங்கல் ஆகிய, பட்டியல் பகுதியை அறிவிப்பதற்கான அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் ஏற்காட்டைப் புறக்கணிக்க என்ன காரணம் இருக்கிறது? தோட்டங்களும் விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பெருகிவரும் நிலையில் தாமதம் நிலத்தைத்தான் விழுங்கும்.

பட்டியல் பகுதியாக அறிவிப்பது குடியரசுத் தலைவரின் ஆணையால் மட்டுமே முடியும் என்பதால், மாநில அமைச்சரவை அதற்கான பரிந்துரையை உடனே அனுப்ப வேண்டும். பழங்குடியினர் ஆலோசனைக் குழு நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆளுநர் அனுப்பும் பொருள்கள் குறித்து ஆலோசனை கூறுவதே அதன் பணி. ஏற்காடு வட்டத்தைப் பட்டியல் பகுதியாக்கும் கேள்வியை அக்குழுவின் முன் வைக்க அவருக்கு இன்றே வழி இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், ஏற்காடு, சேலம் மாவட்டம்