செயலாளரின் ஆண்டறிக்கை: நம் கூடத்துக்குப் புதுக் கூரை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. நூலகமும் மாலை வகுப்புகளும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய வேலை கூரைதான், அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

பழைய தகரத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே புது ஷீட் போடுவதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நடுவில் மழை வந்தாலும் புத்தகங்கள் நனையாது, வகுப்புகளையும் நிறுத்த வேண்டாம் என்பதுதான் காரணம். பாரம் தாங்குமா என்று பலர் கேட்டீர்கள். அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோதான் வரும். எனக்குக் கவலையெல்லாம் தகரத்துக்கு அடியில் இருந்த மரத்தைப் பற்றித்தான். மேலே மூடிவிட்டால் அப்புறம் யார் பார்ப்பது?

அதனால் ஷீட் வாங்குமுன்பே கைமரங்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தோம். ஒரு மூலையில், பெயிண்ட்கூட உரியாமல் நன்றாகத் தெரிந்த சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. உருவினால் முனையில் ஈர மரத்தூள். அந்த இடத்தில் மட்டும் தகரத்தைப் பிரித்து மூன்று சட்டங்களை மாற்றினோம். வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரம் வீணானதாக நான் நினைக்கவில்லை.

பிறகு பழைய தகரத்தின் மேடுகளுக்குக் குறுக்கே, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் புது ஷீட்டைப் போட்டார்கள். சட்டங்களின் ஸ்க்ரூ தகரத்தோடு நிற்காமல் அடியிலுள்ள மரத்தைப் பிடிக்க வேண்டும். பலத்த காற்றில் கூரையைத் தூக்கும் இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அதிகம். அதனால் அங்கெல்லாம் நெருக்கமாக ஸ்க்ரூ போடச் சொன்னோம். ஷீட் ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். நசுங்கும்வரை முடுக்கிய சிலவற்றை மாற்றச் சொன்னதற்கு வேலையாட்கள் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். துளையிட்ட இரும்புத் துகள் ஷீட்டில் கிடந்தால் துருக்கறை விழும் என்று தினமும் மாலையில் பெருக்கியும் விட்டார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

ஒரு தவறும் நடந்தது. வேலை முடிந்து சில நாளில், விடியற்காலையில் நூலக மேசையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முந்தின இரவு மழையே இல்லை. ஒப்பந்தக்காரர் கூரையின் உச்சியான முகட்டை ஸ்பாஞ்ச் வைத்து முழுக்க அடைத்திருந்தார். தெளிந்த இரவில் ஷீட் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். இரண்டு கூரைக்கும் நடுவே அடைபட்ட ஈரக்காற்று அதன் அடியில் வியர்த்து, பழைய ஓட்டைகள் வழியே இறங்கியிருக்கிறது. முகட்டில் காற்று போகும் மூடியை மாற்றிப் போட்டு, கூரையின் கீழ் ஓரமான இறவாரத்தில் வலை அடித்தோம். பழைய தகரத்தின் பள்ளங்களே இப்போது கீழிருந்து மேலே காற்று போகும் வழி. அதன் பிறகு சொட்டவில்லை. வேலைக்கு முன்பே கூரை வரைபடத்தை நாங்களே கவனித்துப் படித்திருக்க வேண்டும். அதற்குச் செயற்குழு பொறுப்பேற்கிறது.

வெயில் ஏறும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கிறதே என்று வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். 10 மீட்டர் நீள இரும்பு ஷீட், வெப்பம் 40 டிகிரி கூடினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். சத்தம் அதனால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இப்படி நீண்டு சுருங்குவதில் ஸ்க்ரூ தளரலாம். ஆண்டுக்கொரு முறை பார்க்கும் வேலையைப் புதிய செயற்குழு எடுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் விழும் இடம் சற்று வெளியே தள்ளிப்போனதால், மழைநீர்த் தொட்டியையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. அது இன்னும் பாக்கி. மிச்சமான இரண்டு ஷீட்டும், ஒரு டப்பா ஸ்க்ரூவும், மாற்றிய சட்டங்களைக் குறித்த வரைபடமும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. சாவி தலைவரிடம் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்