எக்ஸ்டென்ஷன் போர்ட்டுக்குச் சேர்ஜ் சோதனை பொருந்துமா என விளக்கம் கோரும் மனு

பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் தொலைபேசியும் இன்டர்கொம்மும் திருத்துவது என் தொழில். ஐப்பசி இடி தொடங்கினால் என் மேசையில் எரிந்த பெட்டிகள் குவியும். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மனு.

அது ஒரு தோட்டத்து ஆபீஸில் இருந்த சிறிய பிஏபிஎக்ஸ், அதாவது வெளி லைனையும் உள் தொலைபேசிகளையும் இணைக்கும் பெட்டி. அதன் ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் வாயில்) தொலைபேசிக் கொம்பனியின் லைன் வரும். மற்றதிலிருந்து எக்ஸ்டென்ஷன் கேபிள் புறப்பட்டு, ஸ்டோரைத் தாண்டி, தேயிலை மலைக்குள்ளே மரத்துக்கு மரம் தொங்கி, டிஸ்பென்சரிக்குப் போகிறது. ஏறக்குறைய 400 மீற்றர். பெட்டியைத் திறந்து பார்த்தேன். கொம்பனி லைன் பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. எக்ஸ்டென்ஷன் பக்கத்து ஐசியின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை. கார்டின் செம்புக் கோடு உரிந்து சுருண்டு கிடந்தது. இடி எந்தப் பக்கமாக வந்தது என்று அதற்குமேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

விற்றவரிடம் கேட்டதற்கு, சிஸ்பர் 24 என்ற சர்வதேசத் தரத்தின்படியான தாங்குதிறன் சோதனை (வெளியிலிருந்து வரும் மின் தொல்லைகளைக் கருவி தாங்குமா என்ற சோதனை) அறிக்கையைக் காட்டினார். எல்லாம் "பாஸ்". சரி என்று முழுவதையும் வாசித்தேன். கேபிள் 3 மீற்றருக்கு மேல் நீளும் போர்ட் என்பதால், எக்ஸ்டென்ஷனுக்கு 0.5 கிலோவோல்ட் வேகத் துடிப்புச் சோதனை (சுவிட்ச் போடும்போது வருவது போன்ற மிகக் குறுகிய மின்துடிப்புகளுக்கானது) செய்திருக்கிறார்கள். ஆனால் இடியால் கேபிள் வழியே பாயும் மின்வீச்சைப் பெட்டி தாங்குமா என்று பார்க்கும் சேர்ஜ் சோதனைக்கு நேரே மட்டும் "பொருந்தாது" என்று இருக்கிறது. காரணம் கேட்டால், அது ஒரே தொகுதியின் பாகங்களை இணைக்கும் போர்ட், தொலைத்தொடர்புப் போர்ட் அல்ல என்கிறார்.

அந்தத் தரத்தில் சிக்னல் போர்ட்டும் தொலைத்தொடர்புப் போர்ட்டும் ஒரே அட்டவணையில்தான் வருகின்றன. ஆகவே பெயர் எதுவானாலும் வித்தியாசமில்லை. உற்பத்தியாளரின் விபரக்குறிப்பின்படி அந்தப் போர்ட்டில் வெளிக்கேபிள் நேரடியாக இணைக்கப்படலாமா என்பதுதான் சேர்ஜ் சோதனைக்கு உரிய கேள்வி. அதற்குப் பதிலாக 2016 இல் வந்த சிஸ்பர் 35 தரத்திலும் இதே நிபந்தனை இருக்கிறது. சிக்கல் "விபரக்குறிப்பின்படி" என்ற சொல்லில் இருக்கிறது. இந்தப் பெட்டியின் கையேடு கேபிள் 500 மீற்றர் வரை போகலாம் என்கிறது. கட்டடத்துக்கு வெளியே போகலாமா என்று ஒரு வரி கிடையாது. 500 மீற்றர் நீளத்தில் எந்த ஆபீஸ் கட்டடம் இருக்கிறது? எங்கள் தோட்டங்களில் லயங்களை வரிசையாக அடுக்கினாலும் காணாது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது, எழுத்தில் ஒரு விளக்கம். வகை அங்கீகாரத்துக்கு (ஒரு மாதிரிக் கருவிக்குத் தாங்கள் தரும் ஒப்புதலுக்கு) வரும் அறிக்கைகளில், கையேடு இப்படி நீண்ட கேபிளை அனுமதித்துவிட்டு வெளிப்பாவனையைத் தடை செய்யாமல் விட்டால், அந்தப் போர்ட்டை வெளிக்கேபிள் போர்ட்டாகவே கொள்ள வேண்டும் என்று அறிவிக்க முடியுமா? கேபிள் தோட்டத்துக்குச் சொந்தமா, கொம்பனிக்குச் சொந்தமா என்பது இடிக்குத் தெரியாது.

சோதனையும் பெரிய கொடுமையானதல்ல. 10/700 மைக்ரோசெக்கன் அலையில் (10 இல் உச்சத்துக்கு ஏறி, 700 இல் பாதியாக இறங்குவது) 1 கிலோவோல்ட், இடியின் மின்னைப் பூமிக்குத் திருப்பும் முதன்மைப் பாதுகாப்பான் பொருத்தினால் 4 கிலோவோல்ட். அந்த நேரத்தில் பெட்டி வேலை நிறுத்தினாலும் குற்றமில்லை, அணைத்துப் போட்டால் மீண்டும் ஓடினால் போதும். அப்புறம், கொம்பனி லைனுக்குப் பாதுகாப்பானை யாராவது போடுகிறார்கள். தோட்டத்துச் சொந்தக் கேபிளுக்கு ஒருவரும் போடுவதில்லை. பாதுகாப்பானை நம்பிச் சோதித்த பெட்டி என்றால், அதைப் பொருத்தச் சொல்லிக் கையேட்டில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் செய்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

டிஸ்பென்சரியில் இப்போது கைத்தொலைபேசிதான். சிக்னல் பிடிக்க வாசலுக்கு வந்து, மழையென்றால் குடையோடு நின்று பேசுகிறார்கள்.

அறிக்கையின் பிரதியையும் கையேட்டின் உரிய பக்கத்தையும் இணைத்துள்ளேன். எரிந்த கார்ட் என்னிடம் இருக்கிறது. கேட்டால் கொழும்புக்குக் கொண்டுவந்து காட்டுவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தொலைபேசி திருத்துநர்,
ஹட்டன்.