உடைந்த மணிகளையும் காட்டுங்கள்

தமிழ்நாட்டில் அகழாய்வு நடத்தும் தொல்லியலாளர்களுக்கு,

வணக்கம். சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணி கிடைத்தது, பளிங்கு மணி கிடைத்தது, கண்ணாடி மணிகள் இத்தனை என்று ஒவ்வொரு பருவத்திலும் செய்தி வருகிறது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் வருகிறது. படத்தில் இருப்பது பெரும்பாலும் மெருகு குலையாத முழு மணி. நான் பார்க்க விரும்புவதோ உடைந்ததையும் பாதியில் கைவிட்டதையும்.

நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் அதை மணி செய்த ஊர் என்று நிறுவின. அழகான மணிகள் மட்டும் அதற்குப் போதாது. மூலக்கல், தட்டி உருக்கொடுத்த துண்டு, துளை போடாத மணி, தட்டும்போது தெறித்த செதில் கழிவு என்று வேலையின் பல நிலைகளும் அங்கே கிடைத்தன. முழு மணி யார் கழுத்திலாவது ஏறி எந்த ஊருக்கும் போயிருக்கும்; கல் செதிலைக் கோத்துப் போட்டுக்கொண்டு யாரும் ஊர் சுற்றுவதில்லை. சூதுபவளம் அந்தப் பக்கத்துக் கல்லே அல்ல. அது கல்லாக வந்ததா, மணியாக வந்ததா என்பதைச் செதில்தான் சொல்லும்.

நெடுக்காகப் பிளந்த ஒரு சூதுபவள மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுமுனை தெறிக்கும் என்பதால் இரு முனையிலிருந்தும் துளைத்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை பிசகினாலும் சின்னப் படி ஒன்று விழும். அந்தப் படியையும், துளைச்சுவரில் சுற்றி ஓடும் கோடுகளையும் பிளந்த மணியில் பூதக்கண்ணாடி வைத்தாலே பார்த்துவிடலாம். முழு மணி அதை வயிற்றுக்குள் மூடி வைத்திருக்கும்.

இன்னொன்று, சல்லடை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் செய்த, இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் சின்னக் கண்ணாடி மணிகள், இழுத்த கண்ணாடிக் குழாயைத் துண்டுபோட்டு, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுக்கியவை. பல மணிகள் 3 மில்லிமீட்டர்கூடத் தேறாது. 5 மில்லிமீட்டர் கண் சல்லடையில் அவை மண்ணோடு மண்ணாகப் போய்விடும். சலித்துப் பொறுக்கும் உள்ளூர்ப் பெண்களின் கண்கூர்மையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செங்காவி நிற மணியைச் செம்மண்ணில் யார்தான் தவறவிட மாட்டார்கள்? ஓர் ஊரில் மணி குறைவு, இன்னோர் ஊரில் அதிகம் என்று நாங்கள் படிக்கிறோம். அது அந்த ஊர்களின் வளத்தில் உள்ள வித்தியாசமா, சல்லடைக் கண்ணில் உள்ள வித்தியாசமா?

ஆகவே ஒவ்வொரு குழிக்கும் சல்லடைக் கண் அளவு, முழு மண்ணையும் சலித்தீர்களா, நீர் விட்டுச் சலித்தீர்களா என்பதை அறிக்கையில் எழுதுங்கள். மணிகளை மொத்தமாக எண்ணாமல், எந்த நிலையில் எத்தனை என்று பிரித்துக் கொடுங்கள். செதில்களைக் குழி எண்ணும் மண்ணடுக்கும் எழுதிய பையில் போட்டு வையுங்கள். அருங்காட்சியகத்தில் மணிக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள்.

அடுத்த பருவத்துக்குக் குழி போடுமுன் இதை முடிவு செய்தால்தான் உண்டு. சலித்துக் கொட்டிய மண் பிறகு குழியை மூடப் போய்விடும்.

இப்படிக்கு,
அகழாய்வு அறிக்கைகளின் பின்னிணைப்பு வரை படிக்கும் ஒரு வாசகன்