சம்னர் கோர்ட்டுக்குப் போய் வந்தேன்

டேய் மாப்ள,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் தங்கச்சி சொன்னாள், நிம்மதி. மெம்பிஸில் நாங்களும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன், வாய்தா வாங்குவதில் மன்னனான உன்னிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன வாரம் லீவு போட்டுவிட்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கிற சம்னருக்குப் போனோம். சில நூறு பேர் வாழும் ஊர். நடுவில் டாலஹாட்சி கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கோர்ட்டு, 1910 வாக்கில் கட்டியது. செங்கல் சுவர், கனத்த அரைவட்ட வளைவுகள், மணிக்கூண்டு என்று ரொமனெஸ்க் பாணியில் அப்படி ஒரு மிடுக்கு. வாசலில் 1913இல் வைத்த கான்ஃபெடரேட் சிப்பாய் சிலை. அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட படையின் சிலையைத் தாண்டித்தான் கறுப்பின மக்கள் நியாயம் கேட்க உள்ளே போக வேண்டும்.

மாடியில்தான் 1955 செப்டம்பரில் எம்மட் டில் கொலை வழக்கு நடந்தது. சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயதுக் கறுப்பினப் பையன் அவன். கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைகேடாக நடந்தான் என்று சொல்லி, ராத்திரியில் வீடு புகுந்து தூக்கிப்போய்க் கொன்று ஆற்றில் போட்டுவிட்டார்கள்.

குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். பெண்களுக்கு அங்கே இடமே கிடையாது. கவுண்டியில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், ஆனால் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர விடவில்லை, அதனால் ஜூரியிலும் இல்லை. கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஓரமாக ஒரு சீட்டாட்ட மேசை. மிச்சிகனிலிருந்து வந்த அமெரிக்க நாடாளுமன்றக் கறுப்பின உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கும் அதே மேசைதான்! பையனின் உறவினர் மோசஸ் ரைட், 64 வயது மனிதர், சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று குற்றம் சாட்டப்பட்ட இரண்டு வெள்ளைக்காரர்களையும் நேருக்கு நேர் கைநீட்டிக் காட்டினார். காமிராவுக்குத் தடை இருந்தும் எங்கள் மெம்பிஸ்காரர் எர்னெஸ்ட் விதர்ஸ் அதைப் படமெடுத்துவிட்டார். அந்த இடத்தில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை மாப்ள. 67 நிமிடத்தில் விடுதலைத் தீர்ப்பு. நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடித்திருப்போம் என்றாராம் ஒரு ஜூரர். சில மாதத்தில் அந்த இருவரும் காசு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொன்றதை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரணை கிடையாதே, உனக்குத் தெரியாததா.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. 1970களில் அந்த அறையையே மாற்றிக் கட்டிவிட்டார்கள். கட்டடமும் பழுதாகிப் போனது. 2006இல் கவுண்டி ஒரு நினைவுக் குழு அமைத்தது, மறு வருடம் அந்தக் கோர்ட்டு வாசலிலேயே டில் குடும்பத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு அறையைப் புதுப்பித்தபோது, கட்டிய காலத்து அழகுக்குக் கொண்டுபோகவில்லை, 1955இல் இருந்தபடியே வைத்தார்கள். தங்களுக்கு மிகவும் தலைகுனிவான வருடத்தைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 2023இல் டில்லின் பெயரில் அமைத்த தேசிய நினைவுச்சின்னத்திலும் இந்தக் கோர்ட்டைச் சேர்த்துவிட்டார்கள்.

உங்கள் ஊர்ப் பழைய முன்சீப் கோர்ட்டை இடிக்கப் போவதாகச் சொன்னாயே, அதை நிறுத்த முடியாதா? முடியாவிட்டால் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து வை. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை வெளியே நிற்க வைத்தார்கள் என்று குமாஸ்தா தாத்தாவிடம் கேட்டு எழுதிவிடு, அவருக்கும் வயதாகிறது. இதற்கும் வாய்தா வாங்காதே.

பதில் போடு.