கணுக்கால் சுளுக்கு குறித்துப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மஞ்சக்குப்பம், கடலூர்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் போட்டிகளுக்காக நம் மாணவர்கள் காலை வேளைகளில் பள்ளி மைதானத்திலும், சனிக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலிலும் பயிற்சி செய்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். இந்த நாட்களில் நாங்கள் அடிக்கடி காண்பது கணுக்கால் சுளுக்கு. அதைச் சின்ன விஷயம் என்று பள்ளியும் வீடும் கருதிவிடுவதால் பிள்ளைகள் படும் துன்பமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கோ-கோ ஆட்டத்தில் சட்டென்று திரும்பியபோது கால் பிசகி விழுந்தார். வலி தணிக்கும் ஸ்ப்ரே அடித்துச் சற்று நேரம் உட்கார வைத்துவிட்டு, அவரை மறுபடியும் ஆட அனுமதித்தோம். அது எங்கள் தவறு. வீட்டில் அவரைச் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துச் சென்று, மூன்று நாட்கள் எண்ணெய் விட்டு நீவியிருக்கிறார்கள். வீக்கம் வடியாததால் ஐந்தாம் நாள் எக்ஸ்-ரே எடுத்தபோது, கணுக்காலின் வெளிப்புற எலும்பில் முறிவு இருப்பது தெரிந்தது. அந்தப் பெற்றோர் மகள்மீது கொண்ட அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. எது சுளுக்கு, எது முறிவு என்று பிரித்தறியும் வழியை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சுளுக்கு என்பது நரம்பு புரண்டுவிடுவதோ எலும்பு இடம் மாறுவதோ அன்று. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார், அதாவது நாம் பேச்சில் ஜவ்வு என்று சொல்வது, அளவுக்கு மீறி இழுபடுவதோ கிழிவதோதான் சுளுக்கு. பெரும்பாலும் பாதம் உட்புறமாக மடங்குவதால், கணுக்காலின் வெளிப்பக்கத்தில் முன்புறமாக உள்ள தசைநாரே முதலில் காயப்படுகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்து வீங்கியிருக்கும்போது அழுத்தி நீவினால் கசிவும் வீக்கமும் கூடும். முதல் இரண்டு மூன்று நாட்களில் வெந்நீர் ஒத்தடமும் சூடான புளிப் பற்றும் இதே காரணத்தால் வேண்டாம்.

வளரும் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு நீள்வதற்கு இடமளிக்கும் குருத்தெலும்புப் பகுதி அவர்களுக்கு எலும்பின் முனையருகே இன்னும் கெட்டிப்படாமல் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியக்கூடிய அதே விசையில், பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சிப் பகுதி சேதமடையலாம். ஆகவே தங்களுக்கு முன்பு வந்த சுளுக்கை வைத்துப் பிள்ளையின் காலை மதிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எப்போது எக்ஸ்-ரே தேவை என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகளை உலகின் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அடிபட்ட உடனேயும் மருத்துவர் பார்க்கும் நேரத்திலும் நொண்டியாவது நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தாலோ எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். சுண்டுவிரலுக்கு நேர் பின்னே பாதத்தின் வெளி ஓரத்தில் மேடாக இருக்கும் எலும்பில், அல்லது பாதத்தின் உட்புற வளைவுக்கு மேலுள்ள எலும்பில் அழுத்தினால் வலிப்பதும் அவ்வாறே. பாதம் கோணலாகத் தெரிந்தாலோ, விரல்கள் மரத்து வெளுத்தாலோ, சற்றும் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று நாட்களை வீட்டிலேயே கவனிக்கலாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். அது வலியைக் குறைக்குமே தவிர, கிழிந்ததை ஆற்றாது. கிரேப் பேண்டேஜை விரல்கள் மரத்துப்போகாத அளவுக்குச் சுற்றி, படுத்திருக்கும்போது தலையணை மேல் காலை உயர்த்தி வைக்க வேண்டும். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. முழு ஓய்வு என்று வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடத்துவதும் சரியன்று. வலி பொறுக்கும் அளவுக்குக் காலை மெல்ல அசைப்பதும் ஊன்றுவதும் குணமாவதை விரைவுபடுத்தும்.

பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. வீக்கம் வடிந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். பாதம் எந்த நிலையில் ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் தசைநாரில் இருக்கின்றன. காயத்துக்குப் பின் அந்த உணர்வு மந்தமாகிவிடுவதால் அதே கால் மறுபடியும் மறுபடியும் பிசகுகிறது. கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ என்று எழுதுவது, பின்னர் பல் துலக்கும்போது சுவரருகே ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகியவற்றைச் சில வாரங்களாவது தொடர்ந்து செய்ய வேண்டும். லேசான சுளுக்கு ஓரிரு வாரங்களில் ஆறும். தசைநார் முழுவதும் கிழிந்திருந்தால் மாதங்கள் ஆகலாம்.

இனி நம் பள்ளியில் கால் பிசகிய மாணவர் அன்று மீண்டும் ஆடமாட்டார். வலியின்றி நடந்து, காயப்பட்ட காலால் மட்டும் குதித்து, ஓடித் திரும்பிக் காட்டிய பிறகே உடற்கல்வி ஆசிரியர் அவரை அணியில் சேர்ப்பார். இறுதிப்போட்டி மறுநாளே என்றாலும் இதில் மாற்றம் இராது. வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று ஓர் அளவு பெரிதாக ஷூ வாங்குவதையும் தவிர்க்க வேண்டுகிறேன்; உள்ளே பாதம் நழுவினால் கணுக்கால் எளிதில் மடங்கும்.

முன்பு சுளுக்கு ஏற்பட்ட காலே மீண்டும் சுளுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால், தங்கள் பிள்ளைக்கு அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எந்தக் கால், எப்போது என்பதை நாட்குறிப்பேட்டில் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்