ரிவாஸ் கோமகன்: விட்டுப்போன இரண்டு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயின் கவிஞர் ஆங்கெல் தெ சாவெத்ரா, அதாவது ரிவாஸ் கோமகன் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீரர், தேசபக்தர், கவிஞர் என்று மூச்சுவிடாமல் புகழ்ந்துவிட்டு, 1854-ஐ ஓசைப்படாமல் தாண்டிவிட்டீர்கள்.

ராணுவ ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போட்டே காலம் தள்ளியவன் நான். அதனால் அவருடைய 1809 எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒகான்யா அருகே நெப்போலியனின் குதிரைப்படையோடு சண்டை. அப்போது வயது 18. உடம்பில் 11 காயம்; தலையில் வாள்வெட்டு, நெஞ்சில் ஈட்டிக் குத்து. செத்துப்போனார் என்றே விட்டுவிட்டார்கள். பென்சிலின் இல்லாத காலம். ஈட்டிக்குத் தப்பினாலும் அப்புறம் வைக்கிற சீழ் ஆளைக் கொண்டுபோய்விடும். பையெஸா ஊர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவர் எழுதிய கவிதை, வார்டு நோட்டில் குறிக்கிற மாதிரிதான் தொடங்கும்: பதினொரு காயம், உடைந்த வாள், மூச்சுப் போன குதிரை, தோற்ற சண்டை. அழுகை கிடையாது. என்னைக் கேட்டால் அவர் எழுதியதில் அதுவே உசத்தி.

1823-இல் நாடாளுமன்ற உறுப்பினராக, மன்னர் ஏழாம் பெர்னாந்தோவை ஒதுக்கிவைக்க வாக்களித்தார். மன்னர் கை ஓங்கியதும் மரண தண்டனை, சொத்துப் பறிமுதல். தப்பியோடி மால்டாவில் சில வருடம். பிரான்சில் ஓவியம் கற்றுக்கொடுத்துப் பிழைப்பு. மன்னர் இறந்த பிறகே, 1834-இல், ஊர் திரும்பினார். மறு வருடம் மேடையேறிய அவருடைய 'தோன் ஆல்வரோ' நாடகத்தைத்தான் பின்னாளில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தி ஓபராவாக்கினார். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது, சரி.

இல்லாதது இது. 1854 ஜூலையில் மாட்ரிட் தெருக்களில் ஜனங்கள் கொதித்தெழுந்தபோது, அதே பெர்னாந்தோவின் மகள் அரசி இசபெல் இவரைப் பிரதமராக்கினார். ராணுவம் கூட்டத்தைச் சுட்டது. இரண்டே நாளில் மந்திரிசபை கவிழ்ந்தது. 'சிதறுகுண்டு மந்திரிசபை' என்று ஊரே பெயர் வைத்தது. சுட உத்தரவிட்டது யார் என்று வாதாடலாம். தலைவர் நாற்காலியில் இருந்தவர் அவர். குண்டு பட்டால் உடம்பு என்னாகும் என்று அந்த மந்திரிசபையில் அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவர் கவிதையை நான் குறைத்துப் பேசவில்லை. அடுத்த முறை அவரைப் பற்றி எழுதினால், அந்த ஜூலைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவ உதவியாளர், வேலூர்